"சோத்துக்கு வர்ற கூட்டம்"னு சொன்னவங்களுக்கு அடுப்படியிலிருந்து ஒரு பதில்



இது நீளமான பதிவு. பொறுமையா படிங்க. கோபம் இருக்கு, மறைக்கல. ஆனா யார் பேரையும் இதில் இழுக்க மாட்டோம். சொன்னவங்களுக்குத் தெரியும், அது போதும்.

புரட்டாசி பொறந்ததிலேர்ந்து நம்ம ஆலய வாட்ஸ்அப் குரூப்ல தினமும் ஒரே கேள்விதான். "ஈப்போ டவுன்ல மலிவா, சுத்தமா, சைவச் சாப்பாடு எங்க கிடைக்கும்?" டவுன்ல வேலை செய்யுற ஒரு தங்கச்சி கேட்டுச்சு. அதுக்கு ஒருத்தர், "ஏம்மா தேடுற? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வா, ஃப்ரீயாவே கிடைக்கும்"னு விளையாட்டா எழுதினாரு. அதுக்குக் கீழதான் ஆரம்பிச்சது. "ஆமா, இப்ப பாதிப் பேர் சோத்துக்குத்தான் வர்றாங்க." "சாமி கும்பிடுறாங்களோ இல்லையோ, பந்தியில கரெக்டா உட்கார்ந்துடுறாங்க." "கோயில் என்ன ஆபீஸ் கேண்டீனா?" கடைசியா ஒரு யோசனை வந்துச்சு: பூஜையில கலந்துக்கிட்டவங்களுக்கு மட்டும் டோக்கன் கொடுப்போம், டோக்கன் இருந்தாத்தான் இலை. நாற்பதுக்கு மேல கட்டைவிரல். வர்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல இதைப் பேசப் போறாங்களாம்.

அந்தத் தங்கச்சி குரூப்பை விட்டே வெளியே போயிடுச்சு. அது கேட்ட கேள்விக்கு ஒருத்தர்கூட பதில் சொல்லல.

அதனால நாங்க பேசுறோம். நாங்கன்னா வெள்ளிக்கிழமை விடியக்காலையில வந்து வெங்காயம் உரிக்கிறவங்க, அரிசி களையறவங்க, பெரிய கவாவைக் கழுவி வைக்கிறவங்க. பந்தியில யார் உட்கார்றாங்கன்னு எங்களைவிட நல்லா பார்த்தவங்க யாரும் இல்ல. ஏன்னா அவங்க இலைக்கு முன்னால குனிஞ்சு நிக்கிறது நாங்கதான்.

யார் வர்றாங்க, சொல்றோம்.

டவுன்ல ஒரு பேங்க் வாசல்ல ஜாகா வேலை பார்க்குற ஐயா ஒருத்தர். வயசு அறுபத்தஞ்சுக்கு மேல. பன்னிரண்டே முக்காலுக்கு வருவாரு, ஒண்ணேகாலுக்குத் திரும்ப நிக்கணும். பூஜைக்கு நிக்க நேரம் இல்ல. ஆனா செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து கொடிமரத்துக்கிட்ட ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பந்திக்குப் போவாரு. நாங்க பார்த்திருக்கோம். நீங்க பார்க்கல, ஏன்னா நீங்க அந்நேரம் வேலையில இருப்பீங்க, இல்ல வீட்டுல இருப்பீங்க.

ஆபீஸ் கட்டடத்துல கக்கூஸ் கழுவுற அம்மா ரெண்டு பேர். ஒருத்தர் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க. கருக்கல்ல எந்திரிச்சு, பெரட்டுக்கு நின்னு, நிரைக்குப் போய், பத்து மணிக்கு மரத்தடியில வரக்காப்பியும் ரொட்டியும் சாப்பிட்ட கை அது. தோட்டம் கைமாறி, லயத்தை உடைச்சு, இப்ப ஃப்ளாட்ல இருக்காங்க. அவங்க ஒருதடவை சொன்னது எங்க மனசுல நிக்குது: "தோட்டத்துல காசு இல்ல தம்பி. ஆனா வீட்டுப் பின்னால முருங்கை இருந்துச்சு, மொளகா இருந்துச்சு, கீரை இருந்துச்சு. இங்க கருவேப்பிலைகூட கடையிலதான்."

அப்புறம் சின்னப் பிள்ளைங்க. கிராணி வேலை, கவுண்டர் வேலை, கான்ட்ராக்ட் வேலை. கழுத்துல ஆபீஸ் அட்டை தொங்கும். வெள்ளிக்கிழமை அரசாங்க ஆபீஸ்ல மதிய இடைவேளை நீளம், அதனால அன்னைக்குக் கொஞ்சம் கூட்டமா வருவாங்க. சட்டை மடிப்பு கலையாம, கையில போனோட இருக்குறதைப் பார்த்துட்டு "வசதியான பிள்ளைங்க ஓசியில சாப்பிடுதுங்க"ன்னு சொல்றீங்க. சட்டைக்கு மடிப்பு இருந்தா பாக்கெட்ல காசு இருக்குன்னு அர்த்தமா?

சரி, கணக்குப் போடுவோம். கணக்கு பொய் சொல்லாது.

2025 பிப்ரவரி முதல் நம்ம நாட்டுல குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. இ.பி.எஃப். 11 விழுக்காடு 187 வெள்ளி. சொக்சோவும் போனா கையில வர்றது ஏறக்குறைய 1,500. மாசம் 26 நாள் வேலை. இன்னைக்கு டவுன்ல ஒரு சைவ வாழையிலைச் சாப்பாடு, ஒரு தே ஐஸ், ரெண்டும் சேர்ந்து 12 வெள்ளின்னு வச்சுக்குங்க. இதைவிட அதிகம் கொடுத்தவங்களும் நம்மள்ல இருக்கோம். 26 நாளைக்கு 312 வெள்ளி. காலையில பசியாற 5 வெள்ளி, அது 130. மொத்தம் 442. கையில வர்ற சம்பளத்துல பத்துல மூணு பங்கு, ஒரு ஆள் ரெண்டு வேளை சாப்பாட்டுக்கே போகுது. அதுக்கப்புறம்தான் வீட்டு வாடகை, மோட்டார் சைக்கிள் தவணை, பிள்ளை, அப்பா அம்மா மருந்து.

இப்ப அதே ஆளுக்கு 7 வெள்ளிக்கு நல்ல சாப்பாடு போடுற கடை ஒண்ணு தெரியும்னு வச்சுக்குங்க. மதியச் சாப்பாடு 182 வெள்ளியில முடிஞ்சுடும். 130 வெள்ளி மிச்சம். ஒரு பிள்ளையோட டியூஷன் காசு அது. அந்தத் தங்கச்சி குரூப்ல கேட்டது அந்த 130 வெள்ளியை. நாம சிரிச்சோம்.

"வீட்டுலேர்ந்து கட்டிக்கிட்டு வரலாமே"ன்னு சிலர் கேட்கலாம். கட்டிக்கிட்டுதான் வர்றாங்க, பாதிப் பேர். ஆனா சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா, கோப்பேங்னு சுத்துவட்டாரத்துலேர்ந்து இருட்டுலேயே பஸ் ஏறி மேடான் கிட்ல இறங்குறவங்களுக்கு விடியறதுக்கு முன்னாடி சமைக்கச் சொல்றது லேசு. அந்த அஞ்சரை மணி பஸ்ல ஒருநாள் ஏறிப் பார்த்துட்டு சொல்லுங்க.

அடுத்த கேள்வி. மலிவுக் கடை எல்லாம் எங்க போச்சு?

விலைவாசி ஏறினது உண்மை, கடைக்காரங்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. 2023 செப்டம்பர்ல இறக்குமதி வெள்ளை அரிசியை பெர்னாஸ் டன்னுக்கு 2,350 வெள்ளியிலேர்ந்து 3,200க்கு ஏத்தினாங்க. அந்த நேரத்துல உள்நாட்டு அரிசி கடை அலமாரியிலேர்ந்தே காணாமப் போச்சு, ஞாபகம் இருக்கா? நம்ம கோயில் அன்னதானத்துக்கே நாங்க மூணு கடை ஏறி இறங்கினோம். எண்ணெய், தேங்காய், கேஸ், வேலையாள் சம்பளம், எல்லாம் ஏறிப் போச்சு. கடைவாடகையைப் பத்தி சொல்லவே வேணாம்.

ஆனா விலைவாசி மேல எல்லாப் பழியையும் போட்டுட்டு நாம தப்பிக்க முடியாது. ஓல்ட் டவுன்ல என்ன நடந்துச்சுன்னு நம்ம கண்ணால பார்த்தோம். 2010ல இ.டி.எஸ். ரயில் வந்துச்சு, கோலாலம்பூர்க்காரங்க காலையில ஏறி ஈப்போ ஸ்டேஷன்ல இறங்கி சாயங்காலம் திரும்பிப் போற மாதிரி ஆச்சு. லோரோங் பங்லிமா மாதிரி ஒரு சின்னச் சந்து சனி ஞாயிறுல நடக்க இடம் இல்லாம ஆயிடுச்சு. வெள்ளைக் காப்பி குடிக்க வரிசை, சுவத்து ஓவியத்துக்கு முன்னால படம் எடுக்க வரிசை. ஊருக்கு வருமானம், சந்தோஷம். ஆனா வாரத்துல ரெண்டு நாள் வர்றவங்களுக்காகப் போட்ட விலையை, வாரத்துல அஞ்சு நாள் அங்கேயே வேலை செய்யுறவங்களும் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

இதுல நம்ம பங்கு என்ன? நாமளும் அந்த வரிசையில நின்னோம். எங்களையும் சேர்த்துத்தான் சொல்றோம். போன சித்ரா பௌர்ணமி அன்னைக்கு சேவை முடிஞ்சு எங்க ஆளுங்க ஏழு பேர் கூலிங்கா உட்காரணும்னு ஒரு கஃபேக்குப் போனோம். காப்பியும் கேக்கும் சாப்பிட்டு 140 வெள்ளி பில். ஒருத்தரும் வாயைத் திறக்கல, நல்லா இருக்குன்னு படம் எடுத்துப் போட்டோம். அதே வாரம் அஞ்சடியில ஒட்டுக்கடை வச்சிருக்கற ஒரு அக்காகிட்ட, "என்னக்கா, தோசை முப்பது சென் ஏத்திட்டீங்க?"ன்னு எங்கள்ல ஒருத்தர் சத்தம் போட்டாரு. ஏசி கடையில 140 வெள்ளியை வாயை மூடிக்கிட்டு கொடுக்குறோம். அஞ்சடியில முப்பது சென்னுக்கு சண்டை போடுறோம். அந்த அக்கா மாதிரி கடைங்க ஒண்ணொண்ணா மூடினதுக்கு யார் காரணம்னு நாம வேற எங்கேயும் போய்த் தேட வேணாம்.

இனி டோக்கன் கேட்குறவங்களோட வாதத்துக்கு வர்றோம். அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. அதை ஒத்துக்கிட்டே பதில் சொல்றோம்.

"உபயதாரர் பூஜைக்கு வந்த பக்தர்களுக்குச் சாப்பாடு பத்தாமப் போகுது." உண்மை. ரெண்டு தடவை அப்படி ஆச்சு. அது எங்க கணக்குத் தப்பு. வெள்ளிக்கிழமை கூட்டம் கூடிப்போச்சுன்னு தெரிஞ்சும் பழைய அளவுலேயே அரிசி போட்டோம். அதுக்கு மருந்து இன்னொரு படி அரிசி. டோக்கன் எதுக்கு?

"சிலர் நாலு பை தாப்பாவ் கட்டிக்கிட்டுப் போறாங்க." இதுவும் உண்மை, இது தப்பு. நாங்களே நிறுத்துறோம். இனி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடுறவங்களுக்கு மட்டும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சம் இருந்தா யார் வேணும்னாலும் கட்டிக்கலாம். நாலு பேர் செஞ்ச தப்புக்கு நாற்பது பேரை வாசல்ல நிறுத்த முடியாது.

"கோயில்ல ஓசியாப் போட்டா பக்கத்துக் கடைக்காரங்க பொழப்பு என்ன ஆகும்?" நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் கடைசியா எப்ப அந்தப் பக்கத்துக் கடையில சாப்பிட்டார்னு மட்டும் தெரிஞ்சா நல்லா இருக்கும். வாரத்துல ஒருநாள், ஒரு வேளை, நாம போடுற சோறு ஒரு கடையையும் மூடாது.

"பக்தி இல்லாதவங்களுக்கு ஏன் பிரசாதம்?" இதுக்குத்தான் எங்களுக்குக் கோபம்.

தைப்பூசத்தை நினைச்சுப் பாருங்க. கல்லுமலைக்குப் போற வழியெல்லாம் தண்ணீர்ப்பந்தல். நாம என்ன செய்றோம்? ரோட்டுல போறவங்களைக் கூப்பிட்டு, கையைப் பிடிச்சு, பொட்டலத்தைத் திணிக்கிறோம். சீனர் வாங்குறாங்க, மலாய்க்காரப் போலீஸ்காரர் தண்ணி வாங்கிக் குடிக்கிறாரு, கேமரா மாட்டிக்கிட்டு வந்த வெள்ளைக்காரர் மோர் குடிச்சுட்டு கைகூப்புறாரு. யார்கிட்டயாச்சும் "முருகனுக்கு என்ன வேண்டுதல், காவடி எங்க"ன்னு கேட்டோமா? அன்னைக்குப் பெருமையா இருந்தது, வீடியோ எடுத்துப் போட்டோம். தைப்பூசத்துல ஊர் பேர் தெரியாதவருக்கு அள்ளிக் கொடுத்த கை, புரட்டாசியில நம்ம ஜாகா ஐயாகிட்ட டோக்கன் கேட்குதா?

1867ல வடலூர்ல வள்ளலார் சத்திய தருமச்சாலை தொடங்கினாரு. அன்னைக்குப் பத்த வச்ச அடுப்பு இன்னைக்கு வரைக்கும் அணையல. அங்க சாதி கேட்கறது இல்ல, மதம் கேட்கறது இல்ல. பசிச்சவங்க உட்காரலாம், அவ்வளவுதான். அவ்வளவு தூரம் போக வேணாம்னா நம்ம ஊர் சீக்கியர்களைப் பாருங்க. குருத்துவாராவுல யார் போனாலும் தலையில துணி கட்டிக்கிட்டு உட்கார்ந்து சாப்பிடலாம். "நீ சீக்கியனா?"ன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. நம்ம தோட்டத்துக் கோயில் திருவிழாவுல மட்டும் என்ன? கிராணி வீடு, தண்டல் வீடு, லயத்து வீடு, எல்லாருக்கும் ஒரே கவாவுல கொதிச்ச சாம்பார். திருவிழா வரியை முழுசா கட்ட முடியாதவன் வீட்டுக்கும் ஒரு வாளி போச்சு. டவுனுக்கு வந்த பிறகு நம்ம கோயில் கோபுரம் உயர்ந்துச்சு. மனசு உயரணுமா, குறையணுமா?

ஆகவே நிர்வாகத்துக்கு மரியாதையோட சொல்றோம். நாங்க சமைப்போம், பரிமாறுவோம், இலை எடுப்போம், கவா கழுவுவோம். ஆனா வாசல்ல நின்னு டோக்கன் பார்த்து ஆள் பிரிக்கிற வேலையை எங்கள்ல ஒருத்தரும் செய்ய மாட்டோம். ஞாயிறு கூட்டத்துலயும் இதையேதான் சொல்லுவோம்.

சரி, கோபம் போதும். அந்தத் தங்கச்சி கேட்ட கேள்விக்கு இப்ப பதில். வெள்ளிக்கிழமை ஒருநாள் கோயில் பார்த்துக்கும், மீதி நாளைக்கு என்ன செய்றது? நாங்க டவுன்ல பல வருஷமா வேலை செஞ்சு, சாப்பிட்டு, ஏமாந்து கத்துக்கிட்டதைச் சொல்றோம்.

ஒண்ணு. பன்னிரண்டு மணிக்கு முன்னாடி ஒரு நடை நடந்து பாருங்க. எந்தக் கடை வாசல்ல மோட்டார் சைக்கிள் நிறைய நிக்குது, எங்க மாநகர் மன்றத் தொழிலாளிங்களும் லாரி டிரைவருங்களும் யூனிபார்மோட உட்கார்ந்திருக்காங்க, அங்க போங்க. தினமும் சொந்தக் காசுல சாப்பிடுறவங்க மோசமான கடைக்கும் போக மாட்டாங்க, விலை கூடின கடைக்கும் போக மாட்டாங்க.

ரெண்டு. பெரிய ரோட்டை விட்டு ஒரு சந்து உள்ள போங்க. ஜாலான் லாஹாட் லிட்டில் இந்தியா பக்கம் ஆனாலும் சரி, ஜாலான் சுல்தான் யூசோப் பக்கம் ஆனாலும் சரி, முகப்புக் கடைக்கும் பின்சந்துக் கடைக்கும் வாடகை வேற. அந்த வித்தியாசம் உங்க இலையில தெரியும். கிந்தா ஆத்தைத் தாண்டி நியூ டவுன் பக்கம் நடக்கச் சோம்பல் படாதீங்க, பாலம் தாண்டினா பத்து நிமிஷம்.

மூணு. உட்கார்றதுக்கு முன்னாடி விலை கேளுங்க. கேட்குறதுல வெட்கம் ஒண்ணும் இல்ல. விலையைக் காட்டணும்னு சட்டமே இருக்கு. "அக்கா, சாதம், மூணு காய், ரசம், மோர் எவ்வளவு?"ன்னு தெளிவா கேளுங்க. ஏமாத்தம் பெரும்பாலும் சாதத்துல வர்றதில்ல, தட்டுல கொண்டு வந்து நீட்டுற சைவ மட்டன், சைவ மீன், பஜ்ஜி, பாயசத்துலதான் வருது. 8 வெள்ளி சாப்பாடு 15 வெள்ளி ஆகுறது இப்படித்தான். வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க. எங்கள்ல ஒருத்தருக்கு ஒரு கடையில அப்பளத்துக்குத் தனியா, ரெண்டாவது ரசத்துக்குத் தனியா போட்டாங்க. அவர் கேட்காம உட்கார்ந்தாரு, கொடுத்துட்டு வந்தாரு.

நாலு. தண்ணி கையோட கொண்டு போங்க. சாப்பாடு மலிவா இருக்கும், ஜூஸ்லதான் காசு போகும். ஒரு நாளைக்கு 3 வெள்ளி குடிக்கிறதுல மிச்சம் பிடிச்சா மாசம் 78 வெள்ளி.

அஞ்சு. சீனர் சைவக் கடைகளை மறந்துடாதீங்க. நம்மாளுங்க பலருக்கு அந்த எண்ணமே வர்றதில்ல. சாதம், ரெண்டு காய், ஒரு தோப்பு எடுத்தா பல இடத்துல நம்ம வாழையிலையைவிடக் குறைவா முடியும். பௌத்த முறையில சமைக்கிற கடைகள்ல பூண்டு, வெங்காயம்கூட சேர்க்க மாட்டாங்க, விரதக்காரங்களுக்கு வசதி. ஆனா சில இடத்துல முட்டை இருக்கும், கேட்டுக்குங்க. அவங்க மாசத்துல முதல் நாளும் பதினஞ்சாம் நாளும் சைவம், அன்னைக்குக் கூட்டம் இருக்கும், சீக்கிரம் போங்க.

ஆறு. மதியம்னா சோறுதான்னு இல்ல. பதினொண்ணரைக்கு ரெண்டு தோசை, ஒரு வடை, சாம்பார், சட்னி சாப்பிட்டா சாயங்காலம் வரைக்கும் தாங்கும், பாதி விலை. மாமாக் கடையில சாப்பிடுறவங்க விரத காலத்துல தோசைக்கல்லு தனியான்னு கேட்டுக்குங்க. நல்லா நடத்துறவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

ஏழு. 2023 ஜனவரியில மறைந்த அமைச்சர் சலாஹுடின் ஆயூப் கொண்டு வந்த மெனு ரஹ்மா, 5 வெள்ளி அல்லது அதுக்குக் கீழ ஒரு முழுச் சாப்பாடு. அந்த ஸ்டிக்கர் இருக்கற கடையில சைவத் தட்டு இருக்கான்னு கேளுங்க. கேட்குற ஆள் கூடினாத்தான் கடைக்காரர் போடுவாரு.

எட்டு. மலிவுன்னா அழுக்கைப் பொறுத்துக்கணும்னு இல்ல. சுவத்துல மாநகர் மன்றம் கொடுக்குற சுத்தத் தரச் சான்றிதழ் இருக்கும், ஏ, பி, சின்னு. பாருங்க. கைகழுவுற இடத்தைப் பாருங்க. கடைசியா ரசத்தைப் பாருங்க. ரசம் சூடா, மிளகு சீரகம் மணக்க இருந்தா அந்த அடுப்படியில அக்கறை இருக்கு. நேத்து சாம்பார்ல தண்ணி ஊத்தி ரசம்னு கொடுத்தா அந்தக் கடைக்கு மறுபடி போக வேணாம். இது சமையல்காரங்க நாங்க சொல்றது, நம்பலாம்.

இனி பக்தர்களுக்கு எங்க வேண்டுகோள், ரெண்டே ரெண்டு.

முதல்ல, உங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மலிவுக் கடையைக் கீழ கமெண்ட்ல எழுதுங்க. இடம், என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு கொடுத்தீங்க, எந்தக் கிழமை லீவு. இந்த நாலு விவரம் போதும். யார் நடத்துற கடைன்னாலும் பரவாயில்ல, தமிழர் கடை, சீனர் கடை, எதுவா இருந்தாலும் எழுதுங்க. போய்ச் சாப்பிட்ட கடையை மட்டும் எழுதுங்க, சொந்தக்காரர் கடைன்னு விளம்பரம் வேணாம். நாங்க ரெண்டு ரெண்டு பேரா போய்ச் சாப்பிட்டுப் பார்த்து, சரியா இருந்தா ஆலய அறிவிப்புப் பலகையில ஒட்டுறோம். மாசத்துக்கு ஒருதடவை விலையைத் திருத்துவோம். வாரத்துல ஒருநாளாவது நீங்களும் அந்தக் கடைகள்ல போய்ச் சாப்பிடுங்க. முப்பது சென்னுக்கு சண்டை போடாதீங்க.

ரெண்டாவது, மாசம் பத்து வெள்ளி. ஏன் பத்துன்னு சொல்றோம். தோட்டங்களைத் துண்டு போட்டு வித்த காலத்துல, 1960ல, நம்ம சுங்கை சிப்புட் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரு. தோட்டத் தொழிலாளிங்க மாசம் பத்து வெள்ளி வீதம் கட்டினாங்க. அன்னைக்கு அவங்க சம்பளத்துல பத்து வெள்ளி எவ்வளவு பெரிய காசுன்னு உங்க தாத்தா பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க. அந்தக் காசு சேர்ந்துதான் தோட்டங்களையே வாங்கினாங்க. பால் வெட்டினவங்க சேர்ந்து தோட்டம் வாங்கினாங்கன்னா, காரு ஓட்டிக்கிட்டு வர்ற நாம சேர்ந்து நாலு பேருக்கு மதியச் சாப்பாடு வாங்க முடியாதா?

திட்டம் இதுதான். ஐம்பது பேர் மாசம் பத்து வெள்ளி உபயம் கொடுத்தா 500 வெள்ளி. டவுன்ல ரெண்டு ஒட்டுக்கடையில 7 வெள்ளி சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டுவோம். அது 71 சாப்பாடு. கடைக்காரருக்கும் நிலையான வியாபாரம், சாப்பிடுறவங்களுக்கும் மரியாதை. கூப்பன் வேணும்ங்கிறவங்க எங்ககிட்ட காதோட காதா சொன்னா போதும், பேர் எழுத மாட்டோம், படம் எடுக்க மாட்டோம். கணக்கு மட்டும் ரெசிட்டோட பலகையில ஒட்டுவோம். நிர்வாகம் ஒத்துக்கிட்டா ஆலயத்து மூலமா, ஒத்துக்கலைன்னா நாங்க அடுப்படி ஆளுங்களே சொந்தமா ஆரம்பிப்போம். எங்கள்ல பதினொரு பேர் இப்பவே பத்து வெள்ளி வச்சாச்சு. கஃபேக்குப் போன அந்த ஏழு பேரும் அதுல இருக்கோம்.

குரூப்பை விட்டுப் போன தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. இதை யாராச்சும் உனக்கு அனுப்புவாங்கன்னு நம்பி எழுதுறோம். நீ கேட்டதுல தப்பே இல்லம்மா. அந்தக் கேள்விக்கு அன்னைக்கே நாங்க பதில் சொல்லியிருக்கணும், சொல்லல, மன்னிச்சுக்க. வர்ற வெள்ளிக்கிழமை சுண்டல், புளிச்சாதம், தயிர்சாதம், பீன்ஸ் பொரியல். இந்தத் தடவை ஒரு படி கூடுதலாவே போடுறோம். பூஜைக்கு நேரம் கிடைச்சா வா, கிடைக்காட்டி நேரா பந்திக்கு வா. உன்கூட வேலை செய்யுறவங்களையும் கூட்டிக்கிட்டு வா.

ஞாயிறு கூட்டத்துக்கு எல்லாரும் வாங்க. டோக்கன் வேணும்ங்கிறவங்களும் வாங்க, நேர்ல பேசுவோம். கூட்டம் முடிஞ்சு பசியாறிட்டுத்தான் போகணும். டோக்கன் கேட்க மாட்டோம்.

முருகன் துணை.

இப்படிக்கு,
வெள்ளிக்கிழமை அடுப்படித் தொண்டர்கள்